உத்தரவு வந்தது தூக்கத்திலா, விழிப்பிலா?

1

சென்ற ஆண்டு இதே வாரத்தில் எங்கள் மகனுக்கு உத்தரவு வந்தது.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராமநாதபுரம் கடற்கரையில், மனநிலை பிசகியவர்களைக் கொண்டுவந்து தங்கவைக்கும் தர்கா ஒன்று இருக்கிறது. எல்லா மதத்தாரும் வருவார்கள். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது கூடவே தங்க வேண்டும். எத்தனை நாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே அடங்கியிருக்கும் பெரியவர் நோயாளியின் கனவில் வந்து 'போகலாம்' என்று சொல்ல வேண்டும். அதுதான் உத்தரவு. சிலருக்கு நாற்பது நாளில் வரும். சிலர் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்கிறார்கள். அவர்களில் இருவரை நான் பேட்டி கண்டு எழுதியிருக்கிறேன். அப்போது நான் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். ஒன்பது ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தேன்.

என் மகன் ஜெரினுக்குப் பத்தொன்பதாம் நாள் உத்தரவு வந்தது.

2

நாங்கள் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு உள்ள ஊரில். என் மனைவி மெர்சி தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண், மருத்துவமனையில் செவிலி. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறேன். வந்தபோது ஜெரினுக்கு நான்கு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிற வீடுகளில் இது வழக்கமான ஏற்பாடுதான். நாளடைவில் பதில்கள் குட்டையாகும். பிறகு தோள் குலுக்கலாகும்.

பதினாறு வயதில் அவனுடைய பள்ளிச் சட்டையில் ஒரு வாசனை வந்தது. மெர்சி அதை நண்பர்கள் போடும் வாசனைத் திரவியம் என்று நினைத்தாள். எனக்குத் தெரியும். மண்டபம் பக்கம் கரையொதுங்கிய மூட்டைகளைப் போலீசார் வரிசையாக அடுக்கிவைத்துப் படம் எடுக்கச் சொல்லும்போது, அந்த வாசனையில் மணிக்கணக்காக நின்றவன் நான். ஈரச் சாக்கு, பிளாஸ்டிக், கஞ்சா. இங்கே ஈரச் சாக்கு ஒன்றுதான் குறைந்தது.

மூன்று மாதம் நான் எதுவும் சொல்லவில்லை. இது செய்தியாக இருந்திருந்தால் அன்று மாலையே எழுதி அனுப்பியிருப்பேன்.

பதினேழில் அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். நண்பர்களும் வருவதை நிறுத்தினார்கள். தன் அறையின் மின்செருகித் துளைகளில் துண்டுக் காகிதம் திணித்தான். சமையலறையில் புகை இழுக்கும் விசிறியின் முன்னால் தலையைச் சாய்த்து நிற்பான், அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அப்பால் பேசுவதைக் கேட்பவன்போல. ஒரு மாலை, சோற்றைப் பிசைந்துகொண்டே, தமிழில் கேட்டான்:

"அப்பா, கச்சான் விழுந்துருச்சுன்னா என்ன?"

கச்சான் என்றால் மேல்காற்று. எங்கள் கரையில் ஆனி ஆடியில் வள்ளங்களைக் கரையேற்றி வைக்கிற காற்று. அது அடங்குவதை 'விழுந்துருச்சு' என்பார்கள். விழுந்தால் கடலுக்குப் போகலாம்.

"இத யாருடா ஒனக்குச் சொன்னா?"

"ஃபேனுக்குள்ள ஒருத்தர். கச்சான் விழுந்துருச்சு, எந்திரிச்சு வான்னு கூப்பிடுறாரு."

அன்று இரவு முழுக்க நான் செய்தது பழைய வேலைதான்: தகவலின் மூலத்தைத் தேடினேன். நான் ராமநாதபுரம் டவுனில் வளர்ந்தவன். அந்தச் சொல்லை வீட்டில் பேசியதே இல்லை. மெர்சியும் இல்லை என்றாள். அவளுடைய அப்பா ஜெரின் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். தொலைபேசியில் அவளுடைய அண்ணன் பேசும்போது காதில் விழுந்திருக்கலாம். அவ்வளவுதான் என்னால் கண்டுபிடிக்க முடிந்தது. ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளைக்குள் தங்கச்சிமடத்துக்காரர் ஒருவர் எப்படிக் குடிவந்தார் என்பதற்கு உறுதியான மூலம் இன்றுவரை என்னிடம் இல்லை.

3

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் கடிதம் வரும். பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவில் ஐந்து மாதம் காத்திருந்து இடம் கிடைத்தது. நல்ல மருத்துவர். "புகைத்ததால் வந்ததா, வரவேண்டியது புகையால் முன்கூட்டி வந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. எப்படியானாலும் புகையை நிறுத்த வேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். ஜெரின் இரண்டையும் செய்தான். அந்தக் குரல் விசிறியிலிருந்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டதாகச் சொன்னான்.

பிறகு அவனுக்குப் பதினெட்டு நிறைந்தது. வாழ்த்து அட்டைகளோடு ஒரு கடிதமும் வந்தது: கோப்பு மூடப்பட்டது, இனிப் பெரியவர்கள் பிரிவு அழைக்கும். அழைக்கவில்லை. நான் தொலைபேசியில் கேட்டால், "உங்கள் மகன் வயது வந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் அவரைப் பற்றி உங்களிடம் பேச இயலாது" என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால், போட வேண்டாம் என்று விசிறிக்குள் இருந்தவர் சொல்வதாக ஜெரின் சொன்னான். ஜெரின் விஷயத்தில் இடைவிடாமல் தொடர்பில் இருந்தவர் அவர் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் மெர்சி சொன்னாள்: "ஊருக்குக் கொண்டு போயிருவோம்."

எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் சொல்கிற வாக்கியம் இது. பிள்ளை கெட்டது இந்த நாட்டால், ஆகவே ஊர் சரிசெய்துவிடும் என்று கணக்கு. மெர்சி தினமும் வார்டில் இதே மாத்திரையை மற்றவர்களுக்குக் கொடுக்கிறவள். நான் அதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "வார்டுல நான் பாக்குறது நோய். எம்புள்ளைக்கு வந்திருக்கிறது அது இல்ல" என்றாள்.

4

தங்கச்சிமடத்தில் மெர்சியின் அண்ணன் சூசை நாட்டுப்படகு வைத்திருக்கிறார். குரல் பெரிது, மனசும் பெரிது. முதல் நாள் காலையிலேயே மருமகனைக் கரைக்கு அழைத்துப் போனார். நானும் போனேன்.

"ஏலே அயர்லாந்து! கடலப் பாத்து என்னடா, மாமியாளப் பாத்த புதுமாப்ள மாதிரி நெளியுற? வா, இங்கன வந்து வலையப் பிடி."

ஜெரின் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. சூசை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார், 'இதுக்குப் போயா மருந்து' என்பதுபோல.

"மாமா, கச்சான் விழுந்துருச்சா?" என்று ஜெரின் கேட்டான்.

சூசையின் கை வலையில் நின்றது. "ஆத்தாடி. இது எங்கய்யா கேக்குற மாதிரியே இருக்கு. யாருடா சொல்லிக்குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா? ஒங்கூட நான் பேசியே ஏழு வருசமாச்சு. போன்ல நீ வந்தா ஹலோன்னுட்டு ஓடிருவியேடா."

"நீங்க இல்லேன்னா, உங்கள மாதிரி ஒருத்தர்" என்று ஜெரின் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வலையைப் பிடித்தான்.

சூசை அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. திரும்பி வரும் வழியில் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். "மச்சான், ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. இங்கனயும் ரொம்ப ஒழுங்கா இல்ல. எங்க தெருவுல ரெண்டு பயலுக இப்பிடித்தான், கரையில ஒதுங்குனத எடுத்துக் குடிச்சுப் பழகி, இப்ப தனியாப் பேசிட்டுத் திரியிறானுக. ஊருக்கு வந்தா தெளிஞ்சிரும்னு நீங்க நெனக்கிறீங்க. நாங்க எங்க கொண்டு போறது?"

பிறகு அவரேதான் தர்காவையும் சொன்னார்.

5

நான் இருபது ஆண்டுக்கு முன் பார்த்த இடம் அல்ல அது. நோயாளிகளைக் கட்டிவைக்கும் சங்கிலி இப்போது இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் அரசு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார்; துஆ என்கிற வேண்டுதலும் மாத்திரையும் சேர்ந்தே நடக்கின்றன. ஜெரினின் மாத்திரைச் சீட்டைப் பார்த்த அந்த மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: "இத விட்றாதீங்க. அங்க போறது ஒங்க நம்பிக்கை, நான் குறுக்க வரல. மாத்திரை மாத்திரைதான்."

தங்குவதற்கு அறை கொடுத்தவர் ஜெய்லானி பீவி என்ற அறுபது வயதுக்காரர். அவருடைய தங்கை மகனும் ஆறு ஆண்டுகளாக அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு உத்தரவு இன்னும் வரவில்லை. இருந்தும் அந்த அம்மாள் ஒரு நாளும் முகம் சுளித்து நான் பார்க்கவில்லை.

பகலில் எல்லோரும் கொட்டகை நிழலில் இருப்பார்கள். ஒரு நாள் எண்ணினேன், நாற்பத்திரண்டு பேர். அவர்களில் பாதிக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் அல்ல. ஒரு பெண் பக்கத்தில் இருந்த வெற்றுத் தரையிடம் கறிக்கு உப்புப் போதுமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒரு முதியவர் தூணோடு வழக்காடினார். ஜெரின் மட்டும் பேசவில்லை. ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தையும் பார்த்தான்.

"என்னடா பாக்குற?"

"இவங்க பேசுறாங்க, ஓகே. ஆனா பதில் சொல்றவங்க பேசுறதுதான்ப்பா சத்தமா இருக்கு. உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் பிற்பகல். நான் கடையில் தேநீர் வாங்கி வந்து அவனருகே உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து, மெர்சி துணி உலர்த்திக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், "போகலாம்னு சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போகலாமாம்" என்றான். மெர்சி ஈரத்துணியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

எங்கள் விமானச் சீட்டு இருபத்தோராம் நாளுக்கு. உத்தரவு பத்தொன்பதாம் நாள் வந்தது. இப்படி இரண்டு எண்கள் கிடைத்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நான் ஒன்பது ஆண்டு செய்த தொழில். அன்று நான் அதைச் செய்யவில்லை.

மூட்டை கட்டும்போது ஜெய்லானி பீவி வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள, கிளம்பிட்டியளா?"

"உத்தரவு வந்திருச்சுக்கா" என்றாள் மெர்சி.

"மாஷா அல்லா. பத்தொம்பது நாளையிலயா? குடுத்துவச்ச புள்ள." அவர் ஜெரினின் கன்னத்தைத் தடவினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, தூக்கத்துல வந்துச்சா, முழிச்சிருக்கையிலயா? தூக்கத்துல வந்தாத்தான் உத்தரவு. முழிச்சிருக்கையில வர்றது வேற. கேட்டியளா?"

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. எப்போது, எங்கே, எந்த நிலையில். ஜெரின் தோளில் பையோடு நிற்கிறான், என்னைப் பார்க்கிறான். மெர்சியும் பார்க்கிறாள், வாய் சற்றுத் திறந்தபடி.

"தூக்கத்துலதான்" என்றேன்.

"அப்ப சரி. போயிட்டு வாங்க. அவனுக்கும் துஆ செய்ங்க" என்று தங்கை மகன் இருந்த திசையைக் காட்டினார்.

ஜெரின் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

6

திரும்பி வந்ததும் மெர்சி மாத்திரையை நிறுத்தினாள். உத்தரவு வந்த பிறகும் கொடுத்தால், சொன்ன பெரியவரை நம்பாததுபோல ஆகிவிடும் என்றாள். அந்த மருத்துவர் சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை. முதல் மூன்று வாரம் நன்றாகவே இருந்தான். தட்டைக் கழுவி வைத்தான், முடி வெட்டிக்கொண்டான். சூசை தொலைபேசியில், "பாத்தீங்களா மச்சான்!" என்றார். நான்காம் வாரம் மின்செருகித் துளைகளில் மறுபடி காகிதம் வந்தது. ஆறாம் வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், நான் வேலையில் இருந்தபோது, காலணியைக்கூடக் கழற்றாமல் கடலுக்குள் நடந்தான்.

இந்த ஊரில் எந்தப் பருவத்திலும் கடலில் குளிக்கிற பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கம்பளித் தொப்பியோடு நீந்துவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை நோரா அவர்களில் ஒருவர். சட்டை கால்சட்டையோடு ஒருவன் நெஞ்சளவு நீரில் போவதைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். கத்தக் கத்த அவன் வேகமாகப் போயிருக்கிறான். நீந்திப் போய் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தக் கணமே நின்றுவிட்டானாம்.

"நீங்கள் நிஜமான ஆளா?" என்று அவரிடம் கேட்டிருக்கிறான்.

"என் இடுப்பு வலியைக் கேட்டால் நிஜம் என்றுதான் சொல்லும்" என்று நோரா சொன்னாராம். அவரே என்னிடம் மருத்துவமனையில் சொன்னது. அந்த வயதில், அந்தக் குளிரில், அப்படி ஒரு பதில் சொல்லத் தெரிந்தவர் கையில் என் மகன் அகப்பட்டான் என்பதை எழுதிவைக்க வேண்டும்.

கடலில் இறங்கிய பிறகு பெரியவர்கள் பிரிவு அவனை அன்றே சேர்த்துக்கொண்டது.

மருத்துவர் இளம்பெண். அந்தக் குரல் எந்த மொழியில் பேசுகிறது என்று கேட்டார். தமிழ் என்றான். உடனே ஒரு படிவம் நிரப்பப்பட்டது. நோயாளிக்கு ஆங்கிலம் தாய்மொழிபோல வரும்; ஆனாலும் அவனுக்குள் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று முடிவானது. பெற்றோர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. இந்த முறை ஜெரின் கையெழுத்துப் போட்டதால் நாங்கள் உட்கார்ந்து கேட்கலாம். தொலைபேசியில் கொழும்பில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்மணி வந்தார். கச்சான் என்றால் அவர் அறிந்தது நிலக்கடலை. கடலை கீழே விழுந்துவிட்டதால் வரச் சொல்லி ஒரு குரல் அழைக்கிறது என்று மருத்துவர் மிகுந்த அக்கறையோடு எழுதிக்கொண்டார். ஜெரினே ஆங்கிலத்தில் திருத்தினான்.

பிறகு மருத்துவர் கேட்டார்: "இந்தியாவில், அந்த இடத்தில், போகலாம் என்று சொன்னது வேறொரு குரலா?"

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். ஜெரின் தமிழிலேயே பதில் சொன்னான்.

"இல்ல. அதே ஆள்தான். வீட்டுக்குப் போகலாம்னாரு. எந்த வீடுன்னு சொல்லல. இங்க வந்தப்புறம்தான் காட்டுனாரு."

"அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்களா?"

"பகல்ல. முழிச்சுத்தான் இருந்தேன். அப்பா பக்கத்துல டீ குடிச்சுட்டிருந்தாரு."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே மெர்சி என்னைப் பார்த்தாள்.

காரில் ஏறிய பிறகுதான் பேசினாள். "நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கேக்கல."

சாவியைச் செருகிவிட்டுக் கையை எடுத்தாள். "கேட்டுச் சொல்லியிருந்தா மட்டும் நான் நம்பியிருப்பேனான்னு தெரியல" என்றாள். அது எனக்குத் தந்த மன்னிப்பா என்று தெரியவில்லை. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

7

இப்போது ஜெரினுக்கு இருபது வயது. மாத்திரையை மெர்சி கையில் கொடுத்து, அவன் விழுங்கும்வரை நிற்கிறாள். புகை இல்லை. வாரத்தில் மூன்று நாள் ஒரு நாற்றுப்பண்ணையில் செடிகளுக்குத் தொட்டி மாற்றுகிறான். குரல் முழுக்கப் போகாது, தணியும் என்றார் மருத்துவர். தணிந்தது.

ஆனால் ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:

"அது மாறிருச்சுப்பா. இப்ப உங்க குரல்ல பேசுது."

மெர்சியின் கையில் தேநீர்க் குவளை அப்படியே நின்றது.

"எங்குரல்லயா? என்ன சொல்லுது?"

"பேரச் சொல்லிக் கூப்பிடுது. அவ்வளவுதான். ஜெரின், இங்கன வாடா. அதே மாதிரி. வித்தியாசமே தெரியல." அவன் கத்தியைக் கீழே வைத்தான். "அதனால நீங்க இனிமே கூப்பிடாதீங்க. அம்மாவும்தான், எப்ப மாறும்னு தெரியாது. வேணும்னா வந்து தொடுங்க. நோரா கையப் பிடிச்சப்பத்தான் நிஜ ஆளுன்னு தெரிஞ்சுச்சு. அதுக்குக் கை கிடையாது."

அன்று முதல் எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. மாடிப்படியின் கீழே நின்று, "ஏலே, சோறு ஆறுதுடா!" என்று கத்துவாள் மெர்சி, அது நின்றது. படியேறிப் போய்த் தோளைத் தொடுகிறாள். நானும் அப்படியே. சூசை தொலைபேசியில் அவனை விசாரிக்கும்போது, "அவன் எப்படி இருக்கான்" என்கிறார், அவருக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்த்த பிள்ளையைப் பெயரில்லாமல் வளர்க்கப் பழகிக்கொண்டோம்.

சென்ற ஞாயிறு காலை கடற்கரையில் நடந்தோம். அவனாகக் கேட்டான், நடப்பது நல்லது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். நீர் வற்றி வெகுதூரம் ஈர மணல். மூடுபனி. என் காலணிக்குள் சிறுகல் புகுந்தது. குனிந்து அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் நூறடிக்கு அப்பால், கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வேகமாக. பனியில் அவனுடைய கால்கள் தெரியவில்லை, முதுகு மட்டும்.

பெயர் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஓடினால் அவன் திடுக்கிடலாம். நடந்தேன், என்னால் முடிந்த வேகத்தில். நீர் வந்து ஏறும் விளிம்பில் அவன் நின்றான். நான் போய்ச் சேரும்வரை அசையவில்லை. தோளைத் தொட்டேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மேலே கொண்டுவந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு பனிக்குள் கடல் இருந்த பக்கத்தைக் காட்டினான்.

"அங்கன இருந்து கூப்பிட்டீங்க. ரெண்டு தடவை."

"நான் கூப்பிடலடா" என்றேன்.

"தெரியும். நீங்க கூப்பிட மாட்டீங்க" என்றான் ஜெரின். "அதான் நின்னுட்டேன்."